கையால் எறியும் உதைபந்து

அன்புள்ள அப்பா, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

நீங்கள் போன செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் விளையாடப் போனேன். பாரிஸில் நம் சனம் கூடுகிற லா சப்பலில் இன்னும் அதுதான் பேச்சு. தகப்பன் செத்த அன்று பந்து பிடிக்கப் போனவன் என்று அங்கே ரூ லூயி-பிளாங் தெருவில் என் காதுபடவே சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பாரிஸில் புட்போல் கிளப்பில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியதும், பூசை முடிந்து வருகிறவர்களை எல்லாம் மறித்துச் சொன்னீர்களாம். மன்னாரில் பேர்போன உதைபந்து நடுவர் அல்லவா நீங்கள்! பிறகு என் படம் வந்தது. தலையை மூடிய கவசம், தோளில் தலையணை மாதிரி ஏதோ, கையில் உரித்த தேங்காய் போல ஒரு பந்து. தபால் கந்தோரில் காத்திருந்து தொலைபேசியில் என்னைப் பிடித்தீர்கள்.

“கையிலை பட்டாலே பிழை. நீ கையிலையே வைச்சிருக்கிறாய். அதை விட்டிட்டு எங்கடை பெடியளோடை சேர்ந்து ஒழுங்கா விளையாடு.”

இது அமெரிக்கப் புட்போல், அப்பா. காலுக்கு அதிகம் வேலையில்லை. நான் நிற்கும் இடத்துக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். முன்னால் குனிந்து நிற்பவன், நான் குரல் கொடுத்ததும் கால்களுக்கு இடையால் பந்தைத் தருவான். யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவன் நான்.

அந்த இடத்தை எனக்குச் சும்மா தரவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவுகிற அகதி, பிரெஞ்சை மென்று விழுங்குகிறவன், மற்றவர்களுக்கு எப்படிக் கட்டளையிடுவான்? இரண்டாவது ஆட்டத்தோடு லியோனிலிருந்து வந்த ஒருவனுக்கு இடத்தை விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டத்தில்தான் அது நடந்தது. எனக்குப் பந்து தருகிறவன், இவ் என்ற பெயருடைய பிரெத்தோன்காரன், திரும்பிப் பார்த்துச் சரியா என்று கேட்டான். பதற்றத்தில் ஆமென்று பிரெஞ்சில் சொல்ல வராமல், வாயில் வந்தது நம் ஊர் “ஓம்”. அதையே குரல் என்று நினைத்துப் பந்தைத் தந்துவிட்டான். எதிரணி வழக்கமான சொல்லுக்காகக் காத்து நின்றது. எறிந்தேன். எங்கள் ஆள் பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டான். பிரெஞ்சில் ‘ஒம்’ என்றால் மனிதன். இவன் எந்த மனிதனைக் கூப்பிடுகிறான் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டார்களாம்.

அடுத்த கிழமை பயிற்சியாளரே எல்லோருக்கும் ‘ஓம்’ பழக்கினார். லியோன்காரன் மாற்று ஆட்களுக்கான வாங்கில் உட்கார்ந்தான். அந்தப் பருவம் மேல் பிரிவுக்கு ஏறினோம். மறு பருவம் இறுதியாட்டம் வரை போனோம், சிறந்த ஆட்டக்காரன் கிண்ணம் எனக்கு வந்தது. இதையெல்லாம் உங்களிடம் சொல்ல நினைத்தால், நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

பிறகு அந்த ஞாயிறு. ஊருக்கு வந்து திரும்ப என்னிடம் வதிவிட கார்ட் இல்லை. அறையில் இருந்து அழுதேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறு எங்கே போயிருக்க வேண்டும், சொல்லுங்கள்?

மைதானத்தில் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. இவ் குனிந்தபடியே காத்திருந்தான். கடைசியில் அவனே மெதுவாக, “ஓம்” என்றான். பக்கத்தில் நின்றவனும் சொன்னான். பிறகு எல்லோரும். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களைக் கண்ணால் காணாத பத்துப் பேர், உங்கள் மொழியில் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். லூயி-பிளாங்கில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள்? அன்றைக்கு வென்றோம், அப்பா.

வருகிற பருவத்திலிருந்து கிளப் எனக்குச் சம்பளம் தருகிறது. கோப்பை கழுவுவதை விட்டாயிற்று. அதே சனம் இப்போது, எங்கள் தமிழ் உதைபந்து அணிக்குத் தலைவனாக வா, காலால் உதைத்துக் காட்டு என்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் கோபமாகத்தான் இருப்பீர்கள். இருங்கள். நானும் ஒருநாள் அங்கே வந்து சேர்ந்ததும் நேருக்கு நேர் சண்டை பிடிப்போம். அதுவரைக்கும் இந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன், கையால்தான் எறிவேன்.

உங்கள் சொல் கேளாத கடைக்குட்டி,
சவிரி