வதனிக்கு வைக்க வேண்டிய கிளாஸ்

பெப். 24, செவ்வாய்

மழை. குடை வேலையிடத்தில். நனைந்து வந்து தொண்டை கரகரப்பு. ரசம் வைக்கப் பஞ்சி, ஒரே சோம்பல். கொத்தமல்லி அவித்துக் குடித்தாயிற்று.

முதலாளி பென்னின் புதுச் செம்புப் பானை வந்துவிட்டது. லண்டனில் ரயில் பாலமொன்றுக்குக் கீழே ஜின் காய்ச்சுகிற ஒடுக்கமான இடம், அதை எங்கே வைப்பதென்று அரை நாள் மல்லுக்கட்டு. இனி அப்சாந்த் என்கிற மூலிகைச் சாராயமும் காய்ச்சப் போகிறானாம். சுவிஸில் அதே வேலை செய்தவன் என்றுதான் என்னை எடுத்ததாம். சந்தோஷமான செய்தி, ஆனால் சொல்ல ஆளில்லை. சோறு வடிக்கும்போது வாய்விட்டே சொன்னேன்: "பென் அப்சாந்த் போடப் போறானாம், கேட்டியோ?" பக்கத்து அறைக்காரர் நான் போனில் கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

பிறகு உண்மையாகவே போன். குகன், என் மனைவி வதனியின் தம்பி.

"அத்தான், அக்கா போய் ஒரு வருசமாகுது, ஆட்டைத் திவசம் எட்டாம் திகதி ஞாயிறு வருது. இஞ்சை செவன் கிங்ஸிலை எங்கடை வீட்டிலையே செய்வம். ஐயர் போனாப்பிறகு படத்துக்கு முன்னாலை அவவுக்கு விருப்பமானதெல்லாம் வைச்சுப் படைப்பம். என்னென்ன எண்டு சொல்லுங்கோ, சுதா சமைப்பா."

பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பால்ரொட்டி, கட்டித்தயிர் என்றேன்.

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அத்தான்."

ஒன்று இருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை.

பெப். 26, வியாழன்

குளிர். காலுறை ஓட்டை. சந்தைப் பக்கம் போனால் வாங்க வேண்டும்.

ஆனிஸ் விதை மூட்டை பிரித்தோம். நம் பெருஞ்சீரகத்தின் தம்பி மாதிரி மணம், கொஞ்சம் இனிப்புக் கூட. முகத்தில் அடித்ததும் வதனி. மூட்டைக்கு மேலே குனிந்தபடி அப்படியே நின்றேன். பென் கேட்டான், ஏதும் பூஞ்சணமோ என்று. இல்லை, நல்ல விதை என்றேன்.

சுவிஸில், பிரெஞ்சு எல்லையோரப் பள்ளத்தாக்கில், அப்சாந்தை நூறு வருசத்துக்குக் கிட்டத் தடை செய்து வைத்திருந்தார்கள். அதற்காக யாரும் விட்டுவிடவில்லை. குசினியில், நிலவறையில் காய்ச்சினார்கள். காட்டுக்குள் ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடங்களில் போத்தலையும் கிளாஸையும் ஒளித்து வைப்பார்கள். வழிப்போக்கர் எடுத்து, ஊற்றுத் தண்ணீர் கலந்து குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி அதே இடத்தில் வைக்க வேண்டும். அது ஊர் வழக்கம்.

எங்களுக்கு வதிவிடப் பெர்மிட் கூடச் சரிவராத காலம். ஒரு ஞாயிறு நடக்கப் போன இடத்தில் அப்படியொரு போத்தலை வதனி கண்டுபிடித்தாள். பொலிஸ் கண்டால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று எனக்கு நடுக்கம்.

"இந்தக் காட்டுக்கை ஆர் வரப்போறான்? நீங்கள் பேசாமல் தண்ணியை விடுங்கோ" என்றாள்.

நிறமில்லாமல் பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது, ஊற்றுத் தண்ணீர் பட்டதும் பாலாக வெளுத்தது. அவளுக்கு அதுதான் அதிசயம். அரைக் கிளாஸ் குடித்தாள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அரைக் கிளாஸ், அவ்வளவுதான். தடை போய்க் கடையில் விற்கத் தொடங்கிய பிறகும் காட்டில்தான் குடிக்க வேண்டும் அவளுக்கு. இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விசயம். இப்போது எனக்கு மட்டும்.

பெப். 28, சனி

வெயில் கொஞ்சம். உடுப்புத் தோய்த்தது. காலுறை வாங்கவில்லை.

பென்னின் இடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இனி அப்சாந்தின் சரித்திரம் நான் சொல்ல வேண்டுமாம். இன்று முதல் தடவை. பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆபிரிக்காவில் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்தது, திரும்பி வந்த சிப்பாய்கள் பழக்கத்தையும் கொண்டு வந்தது, திராட்சைக் கொடிக்கு நோய் வந்து வைன் விலை ஏறியதும் ஏழைகள் இதற்கு மாறியது, எல்லாம் சொன்னேன். குடித்தால் விசர் பிடிக்குமா, மூளை பிசகுமா என்று ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள். சுவிஸில் ஒருத்தன் வைனும் பிரண்டியும் நாள் முழுக்கக் குடித்துவிட்டுக் குடும்பத்தையே சுட்டான், பழி மட்டும் இதற்கு என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

ஒரு மணித்தியாலம் வாய் ஓயாமல் கதைத்தேன். கைதட்டினார்கள். போனார்கள். இனித் திங்கள் வரை யாரோடும் கதை இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

முதல் அப்சாந்த் காய்ச்சி இறக்கியாயிற்று. நேற்றே ஊறப் போட்டது: ஆனிஸ், பெருஞ்சீரகம், வேர்ம்வுட். கடைசியாகச் சொன்னது நம் மாசிப்பத்திரியின் இனம், நாக்கில் வைத்தால் வேம்பு தோற்கும். ஆனால் கசப்பு பானையோடு தங்கிவிடும், மணம் மட்டும் ஏறி வரும். முதல் வருவதைக் கொட்டிவிட்டு நடுவில் வருவதைப் பிடித்தோம். தண்ணீர் விட்டுப் பார்த்தால் நல்ல வெள்ளை. பென்னுக்கு ஒரே குதி. எனக்கு ஒரு சின்னப் போத்தல் தந்தான்.

போத்தல் இப்போது மேசையில். படையலில் வைப்பதா, விடுவதா?

சுவிஸில் அவள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல் அன்றைக்கே வைத்திருக்க வேண்டும். சனம் கூடியிருந்தது, துணியவில்லை. பால்ரொட்டியும் தயிரும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வெட்கம் வருசம் முழுக்கக் கூடவே வருகிறது. மாமாவின் படையலில் சாராயமும் சுருட்டும் வைத்தோம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆம்பிளைக்கு ஒரு நியாயம்.

ஆனால் குகன் கோயில் கமிட்டிக்காரன். அக்காவைச் சாமி மாதிரி வைத்திருக்கிறான். முகம் முறித்தானென்றால் லண்டனில் எனக்கு ஏற வேறு வாசல் இல்லை.

மார்ச் 5, வியாழன்

குகனுக்குச் சொல்லிவிடுவோம் என்று போன் எடுத்தேன். வாழையிலை வெம்பிளியில் எடுக்கிறதா, ஈஸ்ட் ஹாமில் எடுக்கிறதா என்று அவனுக்குக் குழப்பம். ஈஸ்ட் ஹாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். கோழை.

மார்ச் 7, சனி

தலைமுடி வெட்டியாயிற்று. வேட்டி தேடி எடுத்தேன், மடிப்பில் மஞ்சள் கறை. இன்றைக்கும் சரித்திரம் சொன்னேன், மனம் அதில் இல்லை.

போத்தலைப் பையில் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

தூறல். ரயில் திருத்த வேலை, பஸ்ஸில் போனது.

ஐயர் பத்து மணிக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார், அவருக்கு இன்னொரு வீடு. குகனின் மனைவி சுதா இலை போட்டுப் படைத்தாள். எல்லாம் நான் சொன்னபடி. படத்தில் வதனி சிரிக்காமல் இருக்கிறாள், பெர்மிட்டுக்கு எடுத்த படம். இன்றைக்கும் வைக்காவிட்டால் நான் என்ன மனுசன்?

குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் எடுத்தேன். அவளுடைய அரை அளவு. பைப்புத் தண்ணீர் விட்டேன், வெளுத்தது. கொண்டு வந்து தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். இலையில் கொஞ்சம் சிந்தியது.

சுதாவின் தாய் எட்டிப் பார்த்தா. "என்ன தம்பி அது, மோரோ?"

"அவவுக்கு விருப்பமானது மாமி."

குகன் சூடம் கொளுத்தக் குனிந்தான். மணம் பிடித்திருக்க வேண்டும். நெருப்புக்குச்சி விரலைச் சுடும் வரை அப்படியே இருந்தான். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் என்னைத் தோட்டப் பக்கம் கூப்பிட்டான். கையில் அந்தக் கிளாஸ்.

"உங்களுக்குத் தெரியுமோ அத்தான்?"

"என்ன தெரியுமோ?"

"அக்கா இது குடிக்கிறவ எண்டு."

"நான்தானேடா தண்ணி விட்டுக் குடுக்கிறது."

வாயைப் பிளந்தான். "ஐயோ, அப்ப எனக்கேன் அப்பிடிச் சொன்னவ? நான் சுவிசுக்கு வந்து நிண்ட அந்தக் கோடையிலை, நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு என்னைக் காட்டுக்கை கூட்டிக்கொண்டு போய் ஊத்தித் தந்தவ. அத்தானுக்குத் தெரியாது, சொன்னியெண்டால் துலைஞ்சாய் எண்டவ. அண்டைக்குப் போனிலை நான் உங்களைத் துருவித் துருவிக் கேட்டும் நீங்கள் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியாதெண்டே நினைச்சிட்டன்."

முதலில் கோபம்தான் வந்தது. எனக்கும் அவளுக்கும் மட்டும் என்று கட்டிக் காத்ததில் இவனுக்கும் பங்கு கொடுத்திருக்கிறாள், கள்ளி. பிறகு குகன் அழத் தொடங்கிவிட்டான். நானும். படைத்ததைப் பகிர்ந்துதானே சாப்பிட வேண்டும். அவன் ஒரு வாய், நான் ஒரு வாய். உள்ளே சுதா பாயாசத்துக்குக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது, அவனோடு போன அன்றைக்கு அவள் எத்தனை கிளாஸ் குடித்தவள் என்று கேட்கவில்லை. நாளை வேலை முடிந்ததும் குகனுக்குப் போன் எடுக்க வேண்டும்.