மறைப்பின் மேல் சந்தனம்

அனுப்புநர்:
ஏஞ்சலின் மரியராஜ்,
மரியநாதபுரம்,
திண்டுக்கல்.

பெறுநர்:
தொழிற்கூடப் பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: நத்தம் சாலை, பிறை லாக் ஒர்க்ஸ் பூட்டுப் பட்டறை – மேசை மில்லிங் மெஷினின் பாதுகாப்பு மறைப்பைத் தூக்கிக் கட்டிவிட்டு ஓட்டுதல் – உடன் வேலை செய்யும் பெண்ணின் கண்ணில் காயம் – அவரை மீண்டும் அதே இடத்தில் உட்கார வைக்க இருத்தல் – முன்னறிவிப்பு இல்லாமல் நேரில் வந்து பார்வையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி பட்டறையில் பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். கடந்த மாதம் வரை பட்டறையின் சிறிய மில்லிங் மெஷினை நான்தான் ஓட்டினேன். மேசை மேல் வைத்து ஓட்டுகிற, தையல் மெஷினைவிடச் சற்றே பெரிய மெஷின் அது. ஷட்டர் பூட்டுகளுக்கான பித்தளைத் தகடுகளில் பள்ளம் வெட்டுவது அதன் வேலை. தற்போது நான் பேக்கிங் மேசையில் பூட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அது எப்படி என்பதும் இம்மனுவில் வரும். ஆனால் மனு அதற்காக எழுதப்படவில்லை.

2. மெஷின் சிறியது என்பதால் அதை விளையாட்டுச் சாமான் போல நினைப்பவர்கள் உண்டு. நான் நினைத்ததில்லை. தகட்டை ஒருநாளும் கையால் பிடித்து வெட்டியதில்லை, வைஸ் என்கிற இடுக்கியில் இறுக்கிய பிறகே சுவிட்சைத் தொடுவேன். சுற்றுகிற கட்டர் முழுவதும் நிற்காமல் அளவு பார்க்க மாட்டேன். வெட்டும்போது உதிரும் பித்தளைச் சீவலைக் கையால் தள்ளாமல் பிரஷ்ஷால்தான் தள்ளுவேன். தலைமுடி தொப்பிக்குள், வளையலும் மோதிரமும் டிபன் பைக்குள். திருமண மோதிரத்தைக் கழற்றக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள், விரல் இருந்தால்தானே மோதிரம் என்று சொல்லிவிட்டேன். என் பெருமைக்காக இதை எழுதவில்லை. என்னைக் கவனக்குறைவானவள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால் எழுத வேண்டியதாயிற்று.

3. மெஷினின் கட்டருக்கு முன்னால், தெறிக்கும் சீவலைத் தடுக்க, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று உண்டு. அதைக் கீழே இறக்கிவிட்டு, அதன் வழியாகப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மறைப்பைத் தூக்கினால் தானாக நின்றுவிடும் வசதி இந்த மெஷினில் இல்லை.

4. எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை விமரிசையாக நடக்கும். முதலாளி திரு. ஜெகபர் அலி அவர்கள் பொரி, கடலை, பழம் எல்லாம் தாமே வாங்கி வந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்ப்பார். சந்தனம் குழைத்துப் பூசுவது மேஸ்திரி திரு. அந்தோணிமுத்து அவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எனக்கு முன்வரிசையில் நிற்பவர் அவர், ஆயுத பூஜையிலும் முன்வரிசையை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். ஆகவே இம்மனுவை எந்தச் சாமிக்கும் எதிரான மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொரி நானும் தின்றேன்.

5. இந்த வருடம் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மறைப்பின் நட்டநடுவில் பட்டையாக அடித்து, மேலே குங்குமமும் வைத்துவிட்டார்கள். மெஷினை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் மாலையைத் தொங்கவிட்டார்கள். பூஜைக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மில்லிங் மெஷினில் அந்தப் பட்டை சரியாக என் கண்ணுக்கும் கட்டருக்கும் நடுவில் விழுந்தது. கட்டர் எங்கே, தகடு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

6. பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்றே மேஸ்திரியிடம் சொன்னேன். ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும், நானே செய்கிறேன் என்றேன். "சாமிக்கு வச்சத நாம அழிக்கக் கூடாது ஆத்தா, தானா உதிரட்டும். அதுவரைக்கும் இத செத்த தூக்கி வச்சுக்க" என்று சொல்லி, மாலை கட்டிய வாழைநாரில் மீந்ததை எடுத்து, மறைப்பைத் தூக்கி மேலே கட்டிவிட்டார். இப்படி ஓட்டக் கூடாது என்று நான் சொன்னதை அங்கிருந்த அனைவரும் கேட்டார்கள். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு உட்கார என்னால் முடியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

7. என் இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து தகடு எடுத்துத் தருவது திருமதி ஷரீஃபா அவர்களின் வேலை. பேகம்பூரிலிருந்து வருபவர், என்னைவிட வயதில் இளையவர். வேலைக்கு நடுவே என்னைச் சிரிக்க வைப்பதும் அவர் வேலைதான், அதற்குச் சம்பளம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் முற்பகலில், வெட்டிக்கொண்டிருந்த தகட்டிலிருந்து ஊசி போன்ற பித்தளைச் சீவல் ஒன்று தெறித்து அவர் இடது கண்ணில் பாய்ந்தது. மறைப்பு கீழே இருந்திருந்தால் அது மறைப்பில் பட்டு விழுந்திருக்கும். அவர் அலறினார். நான் சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். முதலில் கையில் அகப்பட்டது காய்ந்த சாமந்தி. மாலையை விலக்கி, பொத்தானை அமுக்கி, மெஷினை நிறுத்திய பிறகே அவரைப் பிடிக்க முடிந்தது.

8. முதலாளி அவர்களைப் பற்றி உள்ளதைச் சொல்லியாக வேண்டும். ஷரீஃபாவை அவரே தமது காரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றார். அவர் மனைவி நாள் தவறாமல் சாப்பாடு கொடுத்தனுப்பினார். சீவலை எடுத்துவிட்டார்கள். ஷரீஃபாவுக்கு அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறது, ஆனால் முன்பு போல் இல்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று சொன்னார். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

9. பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் விபத்து பற்றிய ஆய்வுக்கு வருவதாக முதல்நாள் தொலைபேசியில் தகவல் வந்தது. மறுநாள் காலை நான் கண்ணால் கண்டது இது. மேஸ்திரி அவர்கள் வாழைநாரை அறுத்து, மறைப்பைக் கீழே இறக்கி, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் சந்தனத்தை அழுத்தித் தேய்த்து எடுத்தார். தின்னர் பட்ட பிளாஸ்டிக் வெளுத்துப்போயிற்று. வெளுத்தது தெரியாமல் இருக்க அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தார். பளபளவென்று புதிது போல் ஆகிவிட்டது. மாலையும் குப்பைக்குப் போனது. சாமிக்கு வைத்ததை அழிக்கக் கூடாது என்றார்கள், அலுவலர் வருகிறார் என்றதும் அழித்துவிட்டார்கள். இதைத் தங்களுக்குப் பெருமை என்று கொள்வதா, எங்களுக்குச் சிறுமை என்று கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

10. அதன் பிறகு என்னை, சாணார்பட்டியில் ஒரு கடைக்குப் பூட்டு கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வேலைக்கு வாடிக்கையாக டெம்போ போகும், அன்று நான் பஸ்ஸில் போனேன். திரும்பி வந்தபோது ஆய்வு முடிந்திருந்தது. மின்சாரம் இல்லை என்று சொல்லி மெஷினை ஓட்டிக் காட்டவில்லை என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். வந்த அலுவலர் மேல் நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது நல்ல மறைப்பு, அவர் அதைத்தான் எழுதினார்.

11. மறைப்பு நல்ல நிலையில் இருந்தும் மெஷினை இயக்குபவர் அதைத் தன்னிச்சையாகத் தூக்கியதே விபத்துக்குக் காரணம் என்று ஆய்வில் தெரியவந்ததாகப் பட்டறையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்குக் கீழே, இனிமேல் பெண்கள் மில்லிங் மெஷினை ஓட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தகடு எடுத்துத் தரலாமாம். தெறிக்கிற சீவல் ஆண் பெண் பார்த்துத் தெறிப்பதில்லை ஐயா. அந்த மெஷின் வேலை எனக்குப் பிடிக்கும். அது என்னிடமிருந்து போனதில் எனக்கு வருத்தமும் கோபமும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

12. இன்றைய நிலை வருமாறு. ஆய்வு முடிந்த மறுநாளே எண்ணெயில் பித்தளைத் தூள் அப்பி, மறைப்பு கஞ்சி காய்ந்த பாத்திரம் போல் ஆகிவிட்டது. இப்போது துடைத்தாலும் தெளியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றவில்லை. மறுபடியும் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், இம்முறை கம்பியால். மேஸ்திரி அவர்களே மெஷினை ஓட்டுகிறார். விபத்துக்குப் பிறகு எல்லாரும் நூல் கையுறை போட வேண்டும் என்று உத்தரவு. சுற்றுகிற கட்டருக்கு அருகில் கையுறை கூடவே கூடாது, ஒரு நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று அவரிடமே சொன்னேன். "ஆபீசர் கேட்டா காட்டணும்ல" என்றார். அவருக்கு மகள் கல்யாணம் தை மாதத்தில் இருக்கிறது. அவர் கையும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

13. வரும் திங்கட்கிழமை ஷரீஃபா வேலைக்குத் திரும்புகிறார். அதே ஸ்டூல், அதே இடப்பக்கம். போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய், வேறு மேசை கேள் என்று சொன்னேன். "விடுங்கக்கா, பாய் அம்புட்டும் செஞ்சாரு, இதுக்கு மேல என்னத்தக் கேக்குறது? நான் செத்த தள்ளி உக்காந்துக்கிறேன்" என்றார். தகட்டை எட்டித் தர வேண்டிய இடத்தில் எவ்வளவு தள்ளி உட்கார முடியும்? அவருக்கு நன்றாகத் தெரிகிற கண் இப்போது ஒன்றுதான். முதலாளி செய்த உபகாரத்தை நினைத்து அவர் வாய் திறக்க மாட்டார். எனவே நான் எழுதுகிறேன்.

ஆகவே, தாங்கள் அருள்கூர்ந்து,

(அ) திங்கட்கிழமைக்கு முன்பாகவே நேரில் வரவும். வருவதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் பெயரைச் சொல்லலாம், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. வரும் நாளை மட்டும் சொல்ல வேண்டாம்.

(ஆ) மெஷினை ஓட்டச் சொல்லிப் பார்க்கவும். மின்சாரம் இல்லை என்றால் வரும் வரை காத்திருக்கவும், டீ நான் வாங்கித் தருகிறேன்.

(இ) புது மறைப்பு மாட்டும் வரை அந்த மெஷினை நிறுத்தி வைக்கவும், அங்கே கையுறை போடுவதைத் தடுக்கவும், பூஜைக்கு மெஷினில் எந்த இடத்தில் பூசலாம், எந்த இடத்தில் கூடாது என்று எழுத்தில் தரவும் வேண்டுகிறேன். மெஷினின் உடம்பில் எத்தனை பட்டை வேண்டுமானாலும் போடட்டும். மறைப்பிலும் சிவப்புப் பொத்தானிலும் வேண்டாம்.

(ஈ) என்னை ஒருமுறையாவது விசாரிக்கவும்.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் செய்யக் கோருகிறேன். மெஷின் ஓடும்போது ஷரீஃபா உட்காரும் ஸ்டூலில் தாங்கள் சிறிது நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு தாங்கள் எழுதுவது எதுவானாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன். உட்காரும்போது பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். பட்டறையில் இருப்பது ஒன்றே ஒன்று, அதை மெஷின் ஓட்டுபவர் போட்டிருப்பார். அந்த ஸ்டூலில் உட்காருபவருக்கென்று எங்களிடம் எதுவும் கிடையாது. ஆகையால் தங்கள் கண்ணாடியைத் தாங்களே மறவாமல் கொண்டுவருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமைக்குள் தங்களை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
ஏஞ்சலின் மரியராஜ்

இடம்: திண்டுக்கல்
நாள்: 12.11.2025