கடலில்லாத வங்கியின் கப்பல் கடன்

2022 மார்ச் 9
லக்சம்பர்க் நீதிமன்றத்தில் தோற்றோம். நாங்கள் மூடிய தீவு வங்கியின் வழக்கு. மூடுமுன் அவர்கள் தரப்பைக் கேட்கவில்லையாம். சொன்ன காரணமும் போதாதாம். ஐரோப்பிய வங்கிகளைக் கண்காணிக்கும் எங்கள் பிராங்க்பர்ட் அலுவலகம் இழவு வீடாகிவிட்டது. என் மேலதிகாரி புர்க்ஹார்ட் ஆறுதல் சொல்ல வந்தார்.
"இன்னொன்னு தோத்தா உன் பிரிவையே கலைச்சிடுவாங்க, ஹென்ரிக்கே."

மார்ச் 15
இப்போது எல்லாவற்றுக்கும் கருத்துக் கேட்கிறோம். காபி இயந்திரத்தை நகர்த்தக்கூட எழுத்தில் காரணம், ஐந்து நாள் அவகாசம். மூன்று ஆட்சேபங்கள். ஒன்று என்னுடையது.

ஏப்ரல் 8, வெள்ளி
ஸ்லோவாக்கியாவில் ஒரு சிறு வங்கி தள்ளாடுகிறது. மூடுவதென்றால் வழக்கம்போல வார இறுதியில்தான்; திங்கள் காலை கதவு திறக்குமுன் முடிய வேண்டும். வரைவு உத்தரவு நாற்பது பக்கம், நானே எழுதி அந்த வங்கிக்கு அனுப்பிவிட்டேன். நாளை அவர்கள் தரப்பைக் கேட்கிறோம். புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? சடங்கு.

ஏப்ரல் 9
வங்கித் தலைவர் வெண்டெலின் க்ரூபா தனியாகவே வந்தார். ஒரு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை மேஜையில் வைத்தார். வாங்கக்கூடாது என்றேன்.
"அப்ப சும்மா பாத்துக்கிட்டிருங்க மேடம்."
நாலு மணி நேரம் பேசினார். மருமகனுக்குக் கொடுத்த பெருங்கடன் திரும்பாது என்பதையும் பேச்சுவாக்கில் அவரே சொன்னார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு வரைவைப் புரட்டினார்.
"முப்பத்தொண்ணாம் பக்கத்துல, மீன்பிடிக் கப்பலுக்கு அளவுக்கு மீறிக் கடன் குடுத்தோம்னு இருக்கே?"
"ஆமாம்."
"எங்க நாட்டுக்குக் கடலே கிடையாதே மேடம். ஊர்ல ஒரு குட்டை இருக்கு. வாத்து மிதக்கும்."
பக்கத்தில் இருந்த புர்க்ஹார்ட் என்னைப் பார்த்தார். நான் பாலாடைக்கட்டியைப் பார்த்தேன்.
தீவு வங்கியின் உத்தரவிலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி. ஒட்டியது யார்? — நான்தான். மத்தவங்க செஞ்சா வருஷக்கணக்கா கிண்டல் பண்றவ! ஐயோ, இது மட்டும் லக்சம்பர்க் போயிருந்தா —

ஏப்ரல் 10
உத்தரவிலிருந்து கப்பல் வெளியே, மருமகன் கடன் உள்ளே. வரிவரியாகச் சரிபார்த்தேன். மூடினோம். க்ரூபா வழக்குப் போடுவாராம். போடட்டும்.

2024 ஜூன் 5
வென்றோம். "வங்கியின் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது" என்கிறது தீர்ப்பு. முழுமையாகத்தான், நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட என் முதுகுக்குத் தெரியும்.

ஜூன் 14
க்ரூபாவிடமிருந்து தபால் அட்டை. குட்டை, வாத்துகள், நடுவில் காலால் மிதிக்கும் படகு ஒன்று. பின்புறம்: "கப்பல் வாங்கிட்டேன் மேடம். கடன் இல்லை."
இதைப் பரிசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமா என்று புர்க்ஹார்ட்டிடம் கேட்டேன்.
"முதல்ல அவர் கருத்தைக் கேளு."
எழுதிக் கேட்டிருக்கிறேன். ஐந்து நாள் அவகாசம்.