அளக்க வந்தவரிடம் நான் அளந்தது

என் உயிர் மருமகளே, தாயீ பாண்டிச்செல்வி,

முதலில் சீமைச் செய்தி. இந்த வருசம் திருச்சுழிப் பக்கம் அடித்த வெயிலில் காக்காய் பறக்கும்போதே வெந்து விழுந்தது. ஆடுகள் நிழலைத் தேடி அலைந்தன. கடைசியில் நிழலே தாங்க முடியாமல் ஆட்டுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. உன் மாமன் மூட்டம் போட்டுக் கரி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கருவேல மரங்கள் நின்ற இடத்திலேயே தாமாகக் கரியாகிவிட்டன.

"மாமா, அளக்காதீங்க" என்று நீ சிரிப்பது கேட்கிறது. நீ சொன்ன காலத்தில் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

நீ போய் ஒரு வருசம் ஆகிறது. கால்வாய்க்கரைச் சங்கத்தில் உன் நினைவாக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதாக எழுதித் தந்துவிட்டார்கள். நான் என்னைப் பற்றிக் கெட்டதாக எழுதுகிறேன். அதையும் யாராவது ஒருவர் எழுத வேண்டும் அல்லவா?

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. ஏழு வயதில் உன் அம்மா வீரம்மாளின், அதாவது என் அக்காவின், கையைப் பிடித்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாய். கால்வாய்க்கரையில் ஒரு சந்து. பதினோரு வீடு. பதினொன்றும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து பிழைக்கப் போன நம் சனம். வளர்ந்த பிறகு, காலையில் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைத் துடைப்பாய். மத்தியானத்துக்குமேல் நீதான் சங்கத் தலைவி. எந்த ஆபீசுக்கு மனு, எந்த மனுவுக்கு எந்தத் தாள் என்று உன் நாக்கு நுனியில் இருந்த சட்டத்தைக் கண்டு பெரிய வக்கீல்களெல்லாம் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார்கள் என்று நம் ஊர் டீக்கடையில் நான் சொல்லியிருக்கிறேன். பாதியாவது உண்மை.

கரையைக் காலி செய்யப்போகிறார்கள், கணக்கெடுப்பில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டும் மாற்று வீடு என்று சேதி வந்தது. அதில் ஒரு சூழ்ச்சி இருப்பதை முதலில் மோப்பம் பிடித்தவள் நீ. அளக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சொந்த ஊர் எது?" நம் சனத்திடம் அதைக் கேட்டால் போதும். நாற்பது வருசம் சென்னையில் இருந்தாலும், பிள்ளையும் பேரனும் அங்கேயே பிறந்திருந்தாலும், பொறந்த மண்ணின் பேரைத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். சொன்னதும் தாளில் ஒரு கோடு. வெளியூர். அங்கே வீடு இருக்கும். தகுதியில்லை.

அதற்காக நீ ஒத்திகை வைத்தாயே, குழாயடியில், அந்தச் சாயங்காலம் நானும் இருந்தேன். கம்பு மூட்டையோடு உங்களைப் பார்க்க வந்திருந்தேன். நீ அதிகாரி. பூ விற்கிற மாரியக்கா குடும்பத் தலைவி.

"ஏம்மா, சொந்த ஊர் எது?"

"நரிக்குடிங்க."

"தப்பு. மறுபடி. சொந்த ஊர் எது?"

"இந்த ஊருதாங்க சார். இங்கனதான் இருக்கேன்."

"சபாசு."

"ஆனா கொலசாமி நரிக்குடிங்க சார்."

சந்தே உருண்டு சிரித்தது. சிரித்ததில் கால்வாய்த் தண்ணீர் கரையேறி வந்து எட்டிப் பார்த்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "ஊருக்குள்ளயே விடாதவன் ஊரை, எங்க ஊரு எங்க ஊருன்னு எதுக்குத்தான் தலையில தூக்கிச் சுமக்கிறீகளோ" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, நாளைக்கு நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாய்.

"நானா தாயீ? என் வாய்க்குத் திண்டுக்கல் பூட்டு."

மறுநாள் நீ கரையின் அந்தப் பக்கத்தில் இன்னொரு கூட்டத்தோடு நின்றாய். அக்கா தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். வாசலில் நான் மட்டும். கையில் அட்டையும் தாளுமாக ஒரு பையன் வந்தான். முப்பது வயது இருக்கும். பணிவான பையன்.

"ஐயா, சொந்த ஊரு?"

"இந்த ஊருதாங்க."

பார்த்தாயா, சரியாகத்தான் சொன்னேன்! அவன் எழுதாமல் சிரித்தான். "பேச்சைப் பாத்தா நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரில்ல இருக்கு. நான் காரியாபட்டிங்கய்யா. நீங்க?"

சென்னைப் பட்டணத்தில், அந்தச் சாக்கடை ஓரத்தில், ஒருவன் நம் வாய்ப் பேச்சை அடையாளம் கண்டு 'நம்ம பக்கம்' என்கிறான். பூட்டு எங்கே விழுந்ததோ. "திருச்சுழிப் பக்கந்தான் தம்பி" என்றேன். ஊர்ப் பேரையும் சொன்னேன்.

"அட! நமக்கு அங்க சொந்தமே இருக்கே. அதுல எந்தத் தெருங்கய்யா?"

தாயீ, இந்தப் பக்கத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும், அது தெருவைக் கேட்கிற கேள்வி இல்லை. பஸ்ஸில், சந்தையில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று என் வாழ்நாள் முழுக்க அது துரத்தி வந்திருக்கிறது. காலனித் தெரு என்று சொன்ன நிமிசம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரு விரல் தள்ளி உட்காருவான். அந்த ஒரு விரலைத் தாங்க முடியாமல்தான் நான் இளவட்டத்திலேயே அளக்கப் பழகினேன். மாடி வீட்டைச் சொன்னால் தெருவைக் கேட்க மாட்டார்கள்.

"தெருவா? எங்களுக்குன்னே ஒரு தெரு தம்பி. மொத வீடும் நம்மளுது, கடைசி வீடும் நம்மளுது."

"நெலம் நீச்சு?"

"நூறு ஏக்கர் கரிசல். மூணு பம்புசெட்டு."

"அப்ப இந்தச் சந்துல இருக்கிறவுக?"

"எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எல்லாருக்கும் அங்க வீடு வாசல் கெடக்கு. இங்க சும்மா காத்து வாங்க வந்திருக்காக."

அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். வெயிலாக இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். என் கையிலிருந்து வாங்கி ஒரு சொம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தான். நான் மகாராசாவாக நின்று பார்த்தேன். பதினோரு வீடும் அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்குப் போயின.

பட்டியல் ஒட்டியதும் நீ போன் போட்டாய். பதினோரு பேருக்கும் நேராக ஒரே வரி: சொந்த ஊரில் நிலமும் வீடும் உள்ளது, தகுதியில்லை. நீ கத்துவாய் என்று பார்த்தேன். "மாமா, அந்த நூறு ஏக்கர்ல பதினோரு வீட்டுக்கு எடம் குடுங்களேன்" என்றாய். உன் குரலில் சிரிப்பு இல்லை.

பிறகு வழியையும் நீயே கண்டுபிடித்தாய். சொன்னவனே நேரில் வந்து, சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் ஒன்றும் இல்லை என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான். நாலு முறை கூப்பிட்டாய். நாலு முறையும் "வாரேன்" என்றேன். முதலில் கரிமூட்டம் என்றேன், அடுத்து ஆடு சினை என்றேன், அப்புறம் கால்வலி. நாலாவது முறை, "வாரேன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா" என்றாய். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

கால் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காரியாபட்டிப் பையன் முன்னால் நின்று, தம்பி, நான் காலனிக்காரன், கையகல மண்கூட இல்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீம்பு உன் வீட்டைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. வேறு என்ன சொல்ல?

இரண்டு வருசம் நீ ஆபீசு ஆபீசாக நடந்தாய். நம் சந்துக்கு முன்னால் இருந்த வரிசை வீடுகளை இடித்தபோது நம் குழாயும் உடைந்தது. கால்வாயும் குழாயும் ஒன்றான தண்ணீரைச் சந்தே குடித்தது. மஞ்சள் காமாலையில் நீ விழுந்தாய். மனுக் கட்டை ஆஸ்பத்திரித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாயாம், மாரியக்கா சொன்னாள். நீ போன அன்றைக்கு மட்டும் கரிமூட்டம் இல்லை, ஆடு சினை இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தேன். தாய்மாமன் கோடித்துணி போட வேண்டுமே! எப்பேர்ப்பட்ட மாமன்!

சரி, அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன பெரியவரே, பட்டணத்துல ஒங்க மருமகளுக்கு மூணு மாடி வீடு, மொட்டை மாடியில நீச்சல் குளம்னு ஊரே சொல்லுது. ஒங்களுக்கு இல்லாதவர்னு சான்று வேணுமாக்கும்?"

ஊர் சொல்லவில்லை, நான் சொன்னதுதான். சென்னையில் நான் ஊர்ப் பண்ணையார், ஊரில் நான் சென்னைச் சீமான். எங்கே நின்றாலும் என் சொத்தெல்லாம் அடுத்த ஊரில்தான்.

நிலமுள்ளவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் தருகிறேன் என்றார். மேலத்தெருப் பெரிய வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு முதலாளிக்கு என் மகன் வயதுதான்.

"ஏலே கருப்பையா, ஒங்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னா எழுதணும்?"

"ஆமா மொதலாளி."

"இதுக்கா இவ்வளவு தூரம் தயங்கி நிக்கிற? சந்தோசமா எழுதித் தாரேன். வேணும்னா ரெண்டா எழுதித் தாரேன்."

கட்டாந்தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அந்தத் தாளை வாங்கினேன். அவருடைய கையெழுத்து எவ்வளவு அழகு தெரியுமா? அத்தனை அழகாக அவர் வேறு எதற்கும் போட்டிருக்க மாட்டார்.

போன மாதம் சென்னையில் விசாரணை. நானும் அக்காவும் மாரியக்காவும் போனோம். ஒரு அம்மா அதிகாரி. பழைய தாளை வாசித்தார்: நூறு ஏக்கர், மூன்று பம்புசெட்டு. ஒவ்வொன்றுக்கும் நான் "இல்லைங்கம்மா" என்றேன். கோயிலில் தேங்காய் உடைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உடைத்தேன்.

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

"எந்தத் தெருன்னு கேட்டாகம்மா."

"அதுக்கு?"

அதற்கு நான் முழுசாகப் பதில் சொன்னேன், தாயீ. அறுபது வருசத்தில் முதல் தடவையாக ஒரு சொல்கூடக் கூட்டாமல். காலனி என்றேன். ஒரு விரல் தள்ளி உட்காருவதைச் சொன்னேன். தண்ணீர் கேட்டுக் குடித்ததைச் சொன்னேன். அந்த அம்மா மெதுவாக, "அது இதுக்குச் சம்பந்தம் இல்லீங்க பெரியவரே" என்றார். பிறகு எழுதினார்: முன்பு அளித்த தகவல் தவறு. அவ்வளவுதான். ஒரு மனுசனின் ஆயுசு நாலு சொல்லில் அடங்கிவிட்டது. என்ன சுருக்கம்! என்னைப் போன்றவனுக்கு அந்தக் கலை கைவருமா?

போன வாரம் உத்தரவு வந்தது. வருகிற திங்கட்கிழமை மறுபடியும் அளக்க வருகிறார்கள். பத்து வீட்டுக்கு. பதினோராவது வீட்டுக்கு நேராக, 'குடும்பத் தலைவி காலமானதால் பெயர் நீக்கம்' என்று இருக்கிறது. முப்பது வருசம் அதே கூரைக்கடியில் இருக்கிற உன் அம்மாவின் பெயர் எந்தத் தாளிலும் தனியாக இல்லையாம். பத்துப் பேருக்கு வழி திறந்தவள் நீ. அந்த வழியில் உன் அம்மாவுக்கு மட்டும் இடமில்லை. நான் இரண்டு வருசம் முன்னால் வந்திருந்தால், உயிரோடு இருந்த உன் பெயரில் அந்த வீடு ஏறியிருக்கும்.

நேற்றுக் குழாயடியில் கூட்டம் போட்டார்கள். மாரியக்கா எழுந்து நின்றாள். உன் ஒத்திகையில் உளறிய அதே மாரியக்காதான். "பதினொண்ணாவது வீட்டுல இருந்து அளக்க ஆரம்பிக்கட்டும். அங்க எழுதுனாத்தான் எங்க வீட்டுல எழுதலாம். இல்லைன்னா ஒருத்தரும் கதவத் தெறக்க மாட்டோம்" என்றாள். ஆறு பேர் கையைத் தூக்கினார்கள். மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எல்லோர் வீட்டையும் ஒரே மூச்சில் பேசித் தொலைத்தவன் நான். பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆட்டை விற்றுவிட்டேன். ஊர் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். அக்கா ஒரு வருசமாக என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டை எடுப்பாள். இன்று காலை, "அக்கா, ஒம் பேரு ஏறுற வரைக்கும் நான் இங்கனதான் கெடப்பேன்" என்றேன். கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எம் மக கூப்பிட்டப்ப வந்திருக்கணும்."

இன்று என் தட்டை நானே எடுத்துக் கழுவி வைத்தேன்.

திங்கட்கிழமை அவர்கள் வரும்போது உன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். வீரம்மாள் என்ற பெயரை அவர்கள் எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன். அன்று எழுதாவிட்டால் மறுநாளும் அங்கேதான் இருப்பேன். தூக்கி அப்புறப்படுத்தினால், இறக்கிவிட்ட இடத்திலிருந்து திரும்ப நடந்து வருவேன். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை, தாயீ.

உன் அம்மாவுக்குத் தம்பி,
உனக்குத் தாய்மாமன்,
காலனித் தெரு கருப்பையா