பரங்கிமலைப் படியில் அத்தை சொன்னது

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை மருமகள் என் முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த வாசனையோடு நீங்கள்தான் வந்தீர்கள். பரங்கிமலைக் கோயிலுக்குப் போய்வந்த பிறகு ஒரு வாரம் நம் வீடு முழுக்க இந்தத் தைலம்தானே மணந்தது.

அறுபத்தொன்பதாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், "கெளம்புமா, மலைக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றீர்கள். எனக்கு உங்களோடு தனியாகப் போக விருப்பமில்லை. இரண்டு வருடம் முன்பு, முதலாளி நம் தறிக்குக் கொடுத்திருந்த சரிகைக் கட்டு ஒன்று காணாமல் போயிற்று. என்னைப் பார்க்க வந்திருந்த அப்பாவின் எதிரிலேயே, "கடைசியா உங்க பொண்ணு கையிலதான் இருந்துது" என்றீர்கள். அப்பா எழுந்து தன் ஊரான ஏனாத்தூருக்கு நடந்தார். அதற்குப் பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை.

பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில். நீங்கள் ஜெபமாலையைக் கீழே வைக்கவே இல்லை. பேரப்பிள்ளை வேண்டிப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி, முதல் படியில் முழந்தாளிட்டு, முட்டியாலேயே ஏறத் தொடங்கினீர்கள். படியோரத்துச் சிலுவைப்பாதைச் சிற்பங்களில் ஐந்தாம் நிலையைத் தாண்டும்போது சேலையில் ரத்தம் கசிந்தது.

"போதும் அத்தை, எழுந்திருங்க" என்று கை நீட்டினேன்.

நீங்கள் கையைப் பிடிக்கவில்லை. படியைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "அந்த சரிகை கெடச்சிடுச்சிமா. மழையில நனையுதேன்னு நானே பழைய பெட்டியில வச்சிட்டு மறந்துட்டேன். போன வருசப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பாத்தேன்."

"ஒரு வருசமா சொல்லலியா?"

"வாய் வரலமா. கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல இந்தப் பாவத்த சொன்னேன். மலை ஏறி பரிகாரம் பண்ணு, ஆனா அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லணும்னுட்டாரு."

"நீங்க முட்டி போட்டு ஏறுனா எங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதுவரை உங்களிடம் அப்படிப் பேசியதில்லை. நீங்கள் படியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு, "மேல போய்ட்டு நேரா ஏனாத்தூர் போலாம்" என்றீர்கள்.

அப்படியே போனோம். சாயங்காலம் அப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். கூலியாட்கள் நாலு பேர் காதுபடவே, "சம்பந்தி, உங்க பொண்ணு எடுக்கல. தப்பு என்னுது. தெரிஞ்சும் ஒரு வருசம் மூடி வச்சிருந்தேன்" என்றீர்கள். அப்பா உங்கள் சேலையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "சம்பந்தி உக்கார ஏதாச்சும் போடுமா" என்றார். அவ்வளவுதான். ஆனால் அது என் அப்பாவின் பழைய குரல். பாயை விரித்துவிட்டு அழுதேன். நீங்களும்தான்.

ஈஸ்டருக்கு அப்பா நம் வீட்டில் வந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம்தான் இருந்தார். அந்த மூன்று வருடமும் நீங்கள் திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன் போன இரண்டையும் நான் மறக்கவில்லை. மறக்கச் சொல்லி நீங்களும் ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் பால் பொங்கி வழிந்ததற்கு மருமகளைக் கடிந்துகொண்டேன். அடுப்பை அணைக்க மறந்தது நான்தான் என்று கொஞ்ச நேரத்திலேயே நினைவு வந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டேன். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அது. ஆனால் சொல்வதற்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. ஒரு பால் விஷயத்துக்கே அவ்வளவு நேரம். அந்த ஒரு வருடத்துக்காக உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, அத்தை.