அப்பா பார்த்து வைத்திருக்கும் பிஸ்டல்

மடு மாதா துணை

மவுண்ட் ஆல்பர்ட்,
ஒக்லாந்து.

அன்பு மகன் நிரூஜனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, படுத்தெழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகள் றொஷானியும் ஹூஸ்டனில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். கையில் போன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் கதைக்க வழியில்லை ராசா. உனக்குச் சனிக்கிழமை, எங்களுக்கு ஞாயிறு, நீ எடுத்தவுடன் அப்பாதான் ஓடிப்போய்த் தூக்குகிறார், தூக்கிக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போய்விடுகிறார், என் முறை வரும்போது நீ "சரியம்மா, றொஷானி சாப்பிடக் கூப்பிடுறா" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜ் போடலாமென்றால் அப்பா என் போனில்தான் செய்தி வாசிக்கிறார். அதனால் சான்ட்ரிங்ஹாமுக்குச் சாமான் வாங்கப் போகும் சாட்டில் இதைத் தபாலில் போடப்போகிறேன். பாதியில் நிறுத்திவிட்டுப் போனைத் தூக்கி அப்பாவுடன் சண்டைக்குப் போகாதே, முழுதாக வாசி. அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரை நாங்கள் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

அப்பா தன் சிநேகிதர் தவராசா அண்ணையுடன் பிஸ்டல் சுடும் கிளப்புக்குப் போகத் தொடங்கியது உனக்குத் தெரியும். தவராசா அண்ணை கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் கடந்து வந்து இவரை ஏற்றிக்கொண்டு போவார். தொழிற்சாலையை மூடி இவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு மனுசன் சும்மா இருந்து சுவரைப் பார்க்கிறாரே, வெளியில் போய்வரட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடதாசியில் வட்டம் போட்டு அதைத்தானே தங்கச்சி சுடுறது, ஆளையோ சுடப்போறம் என்று தவராசா அண்ணையும் சொன்னார். கிளப்புத் துவக்கை வாங்கிச் சுட்டுவிட்டு வருவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சொந்தமாக ஒன்று வேண்டுமென்ற எண்ணம் வந்தது, வீடு தலைகீழானது. அதற்கு எண்ணெய் ஊற்றியவன் நீ. ஹூஸ்டனில் நீ மரக்கறி வாங்குவது போல் கடைக்குப் போய் ஒன்றை வாங்கிவிட்டாய், இங்கே அப்படியா? கிளப்பில் சேர்ந்து மாதக்கணக்காகப் போய்வர வேண்டும், பொலிஸ் அனுமதி வேண்டும், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுக்காரியைத் தனியாக இருத்தி விசாரிப்பார்கள். நீ முதலில் அனுப்பிய வீடியோவில் இருந்ததே உள்ளங்கையளவு ஒன்று, அதைக் காட்டியதும் தவராசா அண்ணை "உது சேட்டுப் பொக்கற்றுக்குள்ள ஒளிக்கிற சாமான், இஞ்ச விடமாட்டாங்கள்" என்று சிரித்தார். பிறகு நீ ஃபுல் சைஸ், ஃபுல் சைஸ், பெரியதுதான் வேண்டும் என்று தொடங்கினாய். இப்போது எனக்கே பாடமாகிவிட்டது. குழல் நீளமென்றால் குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைவெளி கூடும், கை கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாரம் கூடினால் உதைப்புக் குறையும். பிளாஸ்டிக் உடம்புள்ள புதியது மலிவு, ஆனால் கையில் துள்ளும். அதே விலைக்கு இரும்பு உடம்பில் பழையது கிடைக்கும், ஆனால் முதல் வைத்திருந்தவன் அதை என்ன பாடு படுத்தினானோ தெரியாது. துவக்கு மலிவாக இருந்து என்ன, அதற்குள் போட்டுச் சுடும் ரவைதான் காசைக் குடிக்கும், ஆகவே சின்ன ரவை போடும் ருவென்ரி ரூ ரகத்தில் தொடங்கென்று தவராசா அண்ணை, இல்லை, பெரிய ரவை போடும் நைன் எம்எம்தான் என்று நீ. உனக்குப் பெண் பார்த்தபோதுகூட நீயும் அப்பாவும் இவ்வளவு கதைக்கவில்லை.

ஒருநாள் நான் குசினியிலிருந்து வருகிறேன், அப்பா ஹோலுக்கு நடுவில் நின்று ஒரு கிலோ மைசூர்ப் பருப்புப் பைக்கற்றைக் கையில் பிடித்து, கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறார். இரும்புப் பிஸ்டலும் அந்தப் பைக்கற்றும் கிட்டத்தட்ட ஒரே பாரமாம், கை நடுங்காமல் எவ்வளவு நேரம் நிற்குதென்று பார்க்கிறாராம். பருப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். "டோறின், பருப்படி, பருப்பு" என்று இவர் பைக்கற்றை ஆட்டிக் காட்டுகிறார். இவருக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. கலியாணம் கட்டின புதிதில் மன்னாரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் இவரை மண்ணில் முழங்காலில் இருத்திப் பின்னந்தலையில் துவக்கை வைத்திருந்தார்கள், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாமானைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரப்போகிறார் என்றால் நான் என்ன செய்ய? கேட்டால், "அண்டைக்குத் துவக்கு அவன்ர கையில, நான் நடுங்கினன். இப்ப என்ர கையில இருக்கேக்க கை நடுங்கேல்லையப்பா" என்கிறார்.

அப்பா அனுமதிக்கு விண்ணப்பம் போட்டதும் விசாரணைக்கு ஒரு அம்மா வந்தா. வெள்ளைக்காரி, வயது போனவ, சீருடைகூட இல்லை. வாசலில் தானாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா, ஒரு காலுறைக்குள்ளால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் பயம் தெளிந்திருக்க வேண்டும், தெளியவில்லை. அவ வருகிறா என்று தெரிந்து காலையிலேயே நான் என்ன செய்தேன் தெரியுமா, அப்பாவின் கிளப்பு அட்டை, காதுக்கு மாட்டும் மூடி, சுட்டு ஓட்டையான வட்டக் கடதாசிகள், எல்லாவற்றையும் அள்ளி அரிசி வாளிக்குள் தாட்டு மூடிவிட்டேன். ஏன் செய்தாய் என்று கேட்காதே, என் கை தானாகச் செய்தது. அந்த அம்மா அப்பாவைத் தோட்டத்தில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மேசையடியில் இருத்தி, உங்கள் கணவர் துவக்குச் சுடுவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மெதுவாக, எனக்கு விளங்கும் இங்கிலிசில்தான் கேட்டா. நான் எழும்பி நின்றுவிட்டேன். நோ மிஸ், என் புருசன் துவக்கைத் தொட்டதே இல்லை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கு யாரையும் தெரியாது, சேர்ச்சுக்குப் போவார், வருவார், அவ்வளவுதான் என்று ஒப்புவித்தேன். விண்ணப்பம் போட்டதே அப்பாதானே! அந்த மனுசி பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, பயப்படாதீங்கோ, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனா, தேத்தண்ணிகூட அரைவாசிதான் குடித்தா. அப்பாவுக்குச் சொன்னேன். ஏசப்போகிறார் என்று பார்த்தால் மனுசன் கண்ணீர் வரச் சிரிக்கிறார். "ஆமிக்காரனுக்குச் சொல்லுற மறுமொழியக் கொண்டுபோய் அந்தக் கிழவிக்குச் சொல்லியிருக்கிறாயேடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இனி எழுதப்போவதுதான் உனக்கு நாங்கள் சொல்லாதது. தண்ணி குடித்துவிட்டு வாசி. வேலை போன பிறகு வந்த குளிர்காலத்தில் அப்பா கராஜுக்குள் போய்க் காரில் ஏறி இருப்பார். எங்கும் போகமாட்டார், றேடியோவும் போடமாட்டார், சும்மா இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய் அதே இடத்தில் இருப்பார். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்து சீற்றில் இருந்து என்னப்பா செய்யுது என்று கேட்டேன். "நான் இல்லாட்டி உனக்கும் பிள்ளைக்கும் பாரம் குறையும் டோறின்" என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னார் மகன். அன்றிலிருந்து காரைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன், வீட்டிலிருந்த மருந்துக் குளிசைகளை எல்லாம் பக்கத்துத் தெரு அன்னபாக்கியம் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தேன். பிள்ளைக்கு மூச்சு விடக்கூடாதென்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன், மாதா மன்னிப்பா. இப்போது நீயே சொல், அப்படி இருந்த மனுசன் வீட்டில் பிஸ்டலா? கள்ளன் வருவான், கை தவறி வெடிக்கும், அதொன்றும் என் பயமில்லை. நான் வெளியில் போன நேரம் அப்பாவும் அந்த இரும்புப் பெட்டியும் தனியாக வீட்டில் இருப்பதுதான் என் பயம். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கிளப்புக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் காரில் போய் இருப்பது நின்றது. உள்ளதை அந்த மனுசிக்குச் சொன்னால் கிளப்பும் போய் மனுசன் திரும்பக் கராஜுக்குள் போய்விடுவாரோ, சொல்லாமல் விட்டால் துவக்கு வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் செத்துப் பிழைத்தேன்.

அந்த மனுசி திரும்ப வரும் நாள் காலையில் அப்பாவே வாயைத் திறந்தார். "கார்க் கதையையும் சொல்லு. ஒளிச்சு வாங்கிற துவக்கு எனக்கு வேண்டாம்" என்றார். பிறகு அரிசி வாளியைத் திறந்து தன்னுடைய கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி மேசையில் அடுக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவ வந்ததும் நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலிசில், அழுதழுது. அந்த மனுசி எழுதுவதை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா, சொன்னது எவ்வளவு நல்லது என்றா, முதலில் டொக்டரிடம் போங்கள், மற்றது பிறகு என்றா. அடுத்த நாளே அப்பா தானாக விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். டொக்டரிடமும் போனோம், குளிசை தந்திருக்கிறார், கிழமைக்கொருக்கால் இருந்து கதைப்பதற்கு ஒரு ஆளையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார், அப்பா முணுமுணுத்துக்கொண்டாவது போய்வருகிறார். கிளப்புக்கு இப்போதும் போகிறார், ஆனால் சுடுவதில்லை, மற்றவர்கள் சுட்ட கடதாசியைக் கழற்றிப் புதியதை ஒட்டுகிறார், புள்ளி எண்ணிக் கொடுக்கிறார்.

ஆகவே மகன், பிஸ்டல் இல்லை. இரும்பிலும் இல்லை, பிளாஸ்டிக்கிலும் இல்லை. இது நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் போன ஞாயிறும் நீயும் அவரும் போனில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தீர்கள். பழைய இரும்புப் பிஸ்டல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பிடி உள்ளங்கைக்கு அளவாக இருக்கிறது, விசை கொஞ்சம் இறுக்கம், மேலதிகமாக ரவை அடைக்கும் மகசின் ஒன்றும் தருவான் போல, விலையைக் குறைக்கக் கேட்டிருக்கிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே போகிறார், நான் குசினி ஜன்னலடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை, அப்படி ஒரு சாமானும் இல்லை. நீ வைத்த பிறகு, ஏனப்பா பிள்ளைக்குப் பொய் சொல்லுறீங்கள், சரிவரேல்லை எண்டு சொல்லிவிடுங்கோவன் என்றேன். அப்பா போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "சொன்னா அவன் ஏன் போன் எடுக்கப்போறான்?" என்றார்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை ராசா, உனக்கு அங்கே ஆயிரம் வேலை. ஆனால் நினைத்துப் பார், இந்தத் துவக்குக் கதை வருவதற்கு முன்னம் மாதத்துக்கு ஒருக்கால் எடுப்பாய், "சுகமோ அப்பா, அம்மாட்டக் குடுங்கோ" என்பாய், உனக்கும் அவருக்கும் அதோடு முடிந்துவிடும். இப்போது எனக்கு இருக்கிற பயமெல்லாம், நீ ஒருநாள் வாங்கியாச்சோ, படம் எடுத்து அனுப்புங்கோ என்று கேட்கப்போகிறாய், அன்றைக்கு அந்த மனுசன் எங்கே போய் ஒளிவார்? அதனால் நான் சொல்வது போல் செய். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. பிஸ்டல் கதையை நீயாக எடுக்காதே, அவர் எடுத்தால் கேட்டுக்கொள். வேறு எதையாவது கேள். மீன் பொரிக்கச் சட்டியில் ஏன் ஒட்டுதென்று கேள், கார் ஏன் சத்தம் போடுதென்று கேள், ஒன்றும் இல்லாவிட்டால் அங்கே மழையோ என்றாவது கேள், ஆனால் மறுமொழி வரும்வரை வைக்காமல் இரு. லீவு கிடைத்தால் இரண்டு பேரும் ஒருக்கால் வந்து போங்கள். உன் வீட்டில் இருக்கும் துவக்கையும் பூட்டித் திறப்பை றொஷானியிடம் கொடுத்து வை. நீயும் அவருடைய பிள்ளைதானே, மனதில் பாரமாக ஏதும் இருந்தால் மறைக்காமல் எனக்குச் சொல்ல வேண்டும்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் காவலில் வைத்து, நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கட்டும். வாசித்த பிறகு இதைக் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காதே மகன். அப்பா பூசை முடிந்து வந்ததும் விறாந்தைக் கதிரையில் போய் இருந்துவிடுவார், மடியில் போனை வைத்துக்கொண்டு.

என்றும் உன் அன்பு அம்மா,
டோறின் கிளறன்ஸ்