இலவசத் தலையணையோடு நீ ஒப்புக்கொண்டது

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் முதுகைத் தவிர. அது இப்போது வழக்கில் இருப்பதால் அதன் நலத்தைப் பற்றி வெளியாரிடம் எதுவும் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாள். நீ வெளியாரா வீட்டாரா என்பதில் அவளுக்கே இப்போது கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, அதனால் உன் நலத்தைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இருமல் போயிற்றா, ஈரத் தலையோடு ஆபீசுக்கு ஓடுவதை விட்டாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே, எதற்குக் காகிதம் என்பாய். போனில் எழுதியதெல்லாம் இப்போது கோர்ட்டில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறது, அதனால்தான். உறையில் போட்டு ஒட்டிய கடிதத்தை நீ ஒருத்திதான் படிப்பாய், அதுவும் படிப்பாயென்றால்.

மெத்தை விஷயம் உனக்குப் பாதி தெரியும், மீதியைச் சொல்ல வேண்டாம் என்று அப்பா தடுத்திருந்தார். வேலைக்காலம் முழுக்க நிலம் அளந்த மனிதர், ஓய்வு பெற்றபின் அளக்க நிலம் இல்லாததால் உலகத்தையே அளந்து இணையத்தில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருக்கிறார், பல் டாக்டருக்கு மூன்று, பூங்கா பெஞ்சுக்கு நான்கு. முதுகுவலியை விரட்டும் என்று விளம்பரம் செய்த அந்த மெத்தைக்கு இரண்டு போட்டார், அதில் ஒன்று மெத்தையைச் சுவரில் இடிக்காமல் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு. மெத்தை நடுவில் விழுந்த பள்ளத்தை நூல் கட்டி அளந்து, படம் வரைந்து, கடைசியில், அதில் தண்ணீர் ஊற்றினால் மீன் வளர்க்கலாம் என்று எழுதினார். நான் அப்போதே சொன்னேன், மீன் வேண்டாங்க, பள்ளத்தோட நிறுத்திக்கோங்க என்று. கேட்டால்தானே. அதன் கீழே நீ உன் பங்குக்கு, உண்மை, லீவுக்குப் போனபோது நானும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தேன் என்று எழுதினாய். தகப்பனும் மகளும் சேர்ந்து ஒரு மெத்தையைப் பற்றி இவ்வளவு இலக்கியம் படைத்திருக்க வேண்டாம். மெத்தைக் கம்பெனி அவர் மேல் அவதூறு வழக்கு போட்டுவிட்டது. தங்கள் மெத்தையில் எந்த வகை மீனும் உயிர்வாழ இயலாது என்று தெரிந்திருந்தும், கெட்ட எண்ணத்தோடு அப்படி எழுதினார் என்று மனுவிலேயே இருக்கிறது. அதற்கு ஆதாரமாக ஒரு நிபுணரின் அறிக்கையும் வைத்திருக்கிறார்கள். அவர் மெத்தை நிபுணரா மீன் நிபுணரா என்று அப்பா கேட்கச் சொன்னார், நான் கேட்கவில்லை.

வழக்கைப் போட்டது எங்கே தெரியுமா, உன் ஊரில். மெத்தை இங்கே, முதுகு இங்கே, பள்ளம் இங்கே, எழுதிய விரலும் இங்கே. இத்தனை வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை. எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும், எங்கள் கோர்ட்டின் எல்லை ரயில் பாலத்தின் நடுத்தூணோடு முடிந்துவிடும். ஒருமுறை பாலத்தின் மேல் இரண்டு பேர் அடித்துக்கொண்டு, ஒருவன் அடித்தது இந்தப் பக்கம், மற்றவன் விழுந்தது அந்தப் பக்கம் என்று ஆகி, எந்தக் கோர்ட் விசாரிப்பது என்று முடிவாவதற்குள் இருவரும் சம்பந்திகள் ஆகிவிட்டார்கள். அந்த அளவுக்கு இடத்துக்கு மரியாதை இருந்தது. அவதூறு என்றாலும் அப்படித்தான், ஒருவன் ஒருவனைத் தெருவில் நின்று திட்டினால் அது காதில் விழுந்த ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும், திட்டு எவ்வளவு தூரம் கேட்டது என்பதற்குத் தொண்டையின் பலம்தான் எல்லை. இப்போது எங்கே படிக்கப்பட்டதோ அங்கே அவமானம் நடந்துவிட்டதாகக் கணக்காம். உன் ஊரில் நீ படித்தாய், ஆகவே கம்பெனியின் மானம் உன் ஊரில் போயிற்று. நீ லீவில் வேறெங்காவது மலைமேல் உட்கார்ந்து படித்திருந்தால் அங்கே போயிருக்கும். நம் வக்கீல் யாரென்று நினைக்கிறாய், உன்னோடு பள்ளியில் படித்தாளே, நீங்கள் கொசு என்று கூப்பிடுவீர்களே, அவள்தான். இதில் கட்சிக்கு ஒரு தீர்ப்பு இருக்கு ஆன்ட்டி, நமக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு, சட்டம் இன்னும் யோசிச்சிட்டிருக்கு என்கிறாள். அது யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் இருப்போமா என்று கேட்டேன், அதற்கும் அவளிடம் இரண்டு பதில் இருந்தது.

முதல் விசாரணை வீடியோவில் நடந்தது. வீட்டில் சிக்னல் சரியில்லை என்று உன் மாமாவின் செல்போன் கடையில் உட்கார்ந்தோம். வீடியோவில் ஆஜராகிறவர் உட்கார்ந்திருக்கும் இடமும் அந்த நேரத்துக்கு நீதிமன்ற அறையாகவே கருதப்படும் என்று விதி இருக்கிறதாம், கொசு முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஆகவே போன் உறைகள் தொங்கும் கம்பிகளுக்கு நடுவே நீதிமன்றம் கூடியது. மாமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார், ஆனாலும் ஒருவர் குனிந்து உள்ளே வந்து சார்ஜர் இருக்கா என்றார். மாமா ரகசியக் குரலில், கோர்ட் நடக்குதுங்க, அரைமணி கழிச்சு வாங்க என்றதும், மனிதர் கைகட்டி நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். நீதிபதி அவரைப் பிரதிவாதி என்று நினைத்துப் பெயர் கேட்டார். இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனி வக்கீல் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். மேலே உன் பெயர், கீழே ஒரு கட்டத்துக்குள் ஒரு டிக் குறி, பக்கத்தில் 'முழுதாகப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்'. மதிப்பீட்டை எழுதியவரின் சொந்த மகளே அதில் உள்ளது உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், தகராறு வந்தால் தன் ஊர்க் கோர்ட்டிலேயே விசாரிக்கவும் சம்மதித்திருக்கிறார், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். உனக்கு ஏன் நோட்டீஸ் வரவில்லை என்று இப்போது புரிகிறதா, நீ அவர்கள் கட்சி.

அது என்னவென்று கொசு தோண்டி எடுத்தாள். உன் கமெண்டைப் பார்த்ததும் கம்பெனி உனக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறது, உங்கள் மனவருத்தத்துக்கு எங்கள் அன்பளிப்பு, ஒரு தலையணை, பெற்றுக்கொள்ள இங்கே தொடவும் என்று. நீ தொட்டாய். வளவளவென்று பதினேழு பத்தி வந்தது. கீழே இழுத்துவிட்டு டிக் போட்டாய். பதினாலாம் பத்தியில் அப்பா பொய்யர் ஆனார், பதினைந்தாம் பத்தியில் வழக்கு ஊர் மாறியது. ஒரு தலையணைக்கு அப்பாவை எழுதிக்கொடுத்துவிட்டாயே குட்டி. வேறு யார் பெண்ணாவது இப்படிச் செய்திருந்தால் நான் இவ்வளவு எரிச்சல்பட்டிருக்க மாட்டேன். உன் வேலையே இந்த மாதிரி நிபந்தனைப் பத்திகளை எழுதுவதுதானே. வேலையில் சேர்ந்த புதிதில், அம்மா நான் எழுதுறதைக் கோடிப் பேர் ஒத்துக்கிறாங்க தெரியுமா என்று பெருமையாகச் சொன்னாய். அதில் எத்தனை பேர் படிக்கிறாங்க என்று கேட்டேன், சிரித்தாய். ஊருக்கே வலை பின்னுகிறவள் அடுத்தவன் வலையில் இவ்வளவு சுலபமாகவா போய் விழுவாய், அதுவும் தலைமாட்டுக்கு ஒரு பஞ்சுப் பொதிக்காக.

அப்பா அன்றைக்கு உன் பெயரைத் திரையில் பார்த்தவுடன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். நீதிபதி, ஏதாவது சொல்ல விரும்புறீங்களா என்று கேட்டார், ஒண்ணுமில்லைங்க என்றார். அவர் ஒன்றுமில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, பூங்கா பெஞ்சைப் பற்றியே ஒரு பக்கம் சொல்லக்கூடியவர். கடையை விட்டு வீடு வரும் வழியில் பேக்கரி முனை வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார். அங்கே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலையணையாவது அவளுக்கு நல்லா இருக்காமா, கேட்டியா என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு எதிரே மெத்தைக் கம்பெனிக்காரன் இருந்திருந்தால் அவதூறு என்றால் என்ன என்று நானே காட்டியிருப்பேன், கேட்கத் தக்க குரலில், எங்கள் கோர்ட்டின் எல்லைக்குள்ளேயே.

அடுத்த விசாரணை வீடியோவில் கிடையாது, நேரில் வந்து கூண்டில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு ராத்திரி ரயிலில் அவரால் உட்கார்ந்து வர முடியாது, இப்போதே கூடத்தில் தரையில்தான் படுக்கிறார், செருப்பு மாட்டக்கூட என்னைக் கூப்பிடுகிறார். மெத்தையை மடிக்கவோ தூக்கிப்போடவோ கூடாதாம், அது சாட்சியப் பொருள் என்கிறாள் கொசு. உன் அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறோம், ஜன்னல் மறைந்து அறையே இருட்டாகிவிட்டது, யாரும் தொடக்கூடாது என்று அதன்மேல் அப்பா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். வர முடியாவிட்டால் இன்னொரு வழி, கம்பெனி எழுதித் தந்த மன்னிப்பை அவர் பெயரில் இணையத்தில் போட்டுவிட வேண்டும். கெட்ட எண்ணத்தால் பொய்யாக அளந்து எழுதினேன் என்று அதில் ஒரு வரி. அளந்ததைப் பொய் என்று. அவர் போட்ட அளவை ஒரு கோர்ட்டும் இதுவரை தள்ளியதில்லை, இரண்டு பக்கத்து வக்கீல்களும் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் அவர் வரைபடத்தைத்தான் விரித்துப் பார்ப்பார்கள். மாமாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அட போட்டுட்டுப் போங்க மச்சான், நாளைக்கு யாரு படிக்கப் போறா என்கிறார். படிக்கிற இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்று இவ்வளவு தூரம் பட்ட பிறகும் இப்படி ஒரு யோசனை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அது உன்னிடம் இருக்கிறது. நீ அந்தப் பத்திகளைப் படிக்கவில்லை, தலையணைக்கு என்று நினைத்துத்தான் டிக் போட்டாய் என்று நீயே பிரமாணம் எழுதிக் கொடுத்தால், அந்தப் பக்கத்தைக் கோர்ட் தூர வைக்க வாய்ப்பு இருக்கிறதாம். அது போய்விட்டால் வழக்கை இந்த ஊருக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், அப்பா நடந்து போய் நின்று தன் பள்ளத்தைத் தானே நிரூபித்துக்கொள்வார். வாய்ப்புதான், உறுதி இல்லை, டிக்குன்னா டிக்குதான் என்று சொல்லும் நீதிபதிகளும் இருக்கிறார்களாம். இதை உன்னிடம் கேட்கவே கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். அவ எழுதுறதே ஜனங்க படிச்சு ஒத்துக்கிறதுக்காக, அவளே எந்திரிச்சு நான் படிக்கலைன்னு சொன்னா ஆபீஸ்ல அவளை யாரு மதிப்பா, வேலை போனாலும் போயிடும், விடு, நான் மன்னிப்பே போட்டுடறேன் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. இப்போது மேசையில் உட்கார்ந்து கம்பெனியின் மன்னிப்பில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். அவர்கள் அனுப்பியது எட்டு வரி, அவர் கை பட்டதும் மூன்று பக்கம் ஆகியிருக்கிறது, எந்தெந்த அளவுக்காக வருந்துகிறேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார். இதை ஏற்றினால் இரண்டாவது வழக்கு நிச்சயம் என்று கொசு தலையில் அடித்துக்கொள்கிறாள். கடைசியில் அந்த எட்டு வரியில்தான் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தெரியும். எந்த வழியானாலும் இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள்.

நான் சத்தியம் செய்யவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். ஆகவே கேட்கிறேன். நீ பயப்படுவாய் என்று தெரியும், பயப்படவேண்டிய விஷயம்தான், ஒன்றும் ஆகாது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. கொசு எழுதித் தந்த பிரமாணத்தை இதோடு வைத்திருக்கிறேன், ஒரே பக்கம், பெரிய எழுத்து. பதில் அனுப்ப ஸ்டாம்ப் ஒட்டி விலாசம் எழுதிய உறையும் உள்ளேயே இருக்கிறது, தேடாதே. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படி. படித்துவிட்டு, முடியாது என்று தோன்றினால் அப்படியே திருப்பி அனுப்பு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன், அப்பாவிடம் சொல்லவும் மாட்டேன். சரி என்று தோன்றினால் அங்கேயே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடு. ஆனால் ஒன்று, அடியில் காலி இடத்தைப் பார்த்தவுடன் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதே. நான் எதையும் படிக்காமல் ஒப்புக்கொள்கிறவள் என்று சொல்லும் காகிதத்தையே படிக்காமல் ஒப்புக்கொண்டால், அதற்கு இன்னொரு பிரமாணம் எழுத கொசுவுக்குத் தெம்பு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் நீ. இருபத்தெட்டாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு, கோபமாகவும் இருக்கிற,
உன் அம்மா